முழங்காலும் மூன்றாம் மாதமும்

மதுராந்தகத்திலிருந்து வாசக அம்மையார் ஒருவர் எழுதிய கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. அவருடைய 23 வயதுப் பேரனுக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. தமக்கும் பத்து ஆண்டுகளாக ஜவ்வு தேய்ந்திருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறாராம். "இளைஞனுக்கும் கிழவிக்கும் ஒரே நோயா? மூன்று மாதம் ஆயிற்று, வலியே இல்லை என்கிறான். ஆனாலும் ஓடக் கூடாது, குந்தக் கூடாது என்று தடுக்கிறார்கள். சிகிச்சை சரியாக அமையவில்லையோ என்று மனம் கலங்குகிறது. எப்போது அவன் என்னைத் திருக்கழுக்குன்றத்து மலைக்கு அழைத்துச் செல்வான்?" என்று கேட்டிருக்கிறார்.

இத்தகைய கடிதம் வருவது இது முதல் முறை அன்று. அடியேன் மருத்துவன் அல்லேன். வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். எனினும் செங்கல்பட்டில் எங்கள் தெருவில் ஓர் இளைஞரின் முழங்கால் ஓராண்டுக் காலம் எல்லோருடைய கவலையாகவும் இருந்தது. அப்போது மருத்துவர்களிடம் கேட்டும், கிடைத்தவற்றைப் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். அவரவர் காலுக்கு அவரவர் மருத்துவர் சொல்வதே முடிவு.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். நம் ஊர்ப் பக்கம் முழங்காலுக்குள் எது பழுதுபட்டாலும் அதற்கு ஜவ்வு என்றே பெயர். மருத்துவர்களும் நமக்குப் புரியட்டும் என்று அதே சொல்லைக் கையாளுகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு உறுப்புகள் அடங்கிக் கிடக்கின்றன. எலும்பின் முனைகளை மூடி அவற்றை வழவழப்பாக உருளச் செய்யும் குருத்தெலும்பு ஒன்று. முதுமையில் தேய்வது பெரும்பாலும் இதுதான். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறைச்சந்திரன் வடிவில் மெத்தைபோல் அமைந்திருப்பது மற்றொன்று, மெனிஸ்கஸ் என்பார்கள். மூன்றாவது, எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார். ஸ்கேன் அறிக்கையில் லிகமென்ட் என்று குறிக்கப்படுவது இதுவே. பேரனுக்குக் கிழிந்தது தசைநார். பாட்டிக்குத் தேய்ந்தது குருத்தெலும்பு. சிகிச்சை வேறு, காத்திருக்க வேண்டிய காலம் வேறு. வீட்டில் யாருக்காவது ஜவ்வு என்று சொல்லப்பட்டால், எந்த ஜவ்வு என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பாட்டிக்குத் தைலம் இதமாக இருந்தது என்பதற்காகப் பேரனின் புதுக் காயத்தில் சூடு பறக்கத் தேய்த்துவிடும் வீடுகளைக் கண்டிருக்கிறேன். அடிபட்ட அன்று மூட்டுக்குள் தேங்குவது பெரும்பாலும் இரத்தம். அதற்கு வேண்டியது குளிர்ந்த ஒத்தடமும் மருத்துவரின் பார்வையும்.

முழங்காலைக் காக்கும் தசைநார்கள் முதன்மையாக நான்கு. இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று. மூட்டின் உள்ளே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்பவை இரண்டு. அவற்றுள் முன்னால் இருப்பதைத்தான் ஏ.சி.எல். என்று சுருக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். நீளம் ஏறக்குறைய 3 செ.மீ. தான். கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் சறுக்கிவிடாமல் தடுப்பதும், உடல் திரும்பும்போது மூட்டு முறுக்கிக்கொள்ளாமல் காப்பதும் அதன் பணி. நேராக நடக்கும்போது அதன் அருமை அவ்வளவாகத் தெரியாது. ஓடிவந்து சட்டென நின்று திரும்பும்போதும், குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதும்தான் தெரியும். யாரும் மோதாமலே அந்த நொடியில் அது அறுந்துவிடுவதுண்டு. உள்ளே ஏதோ தெறித்ததுபோல் ஓர் ஓசை கேட்டதாகப் பலர் சொல்வார்கள். சில மணி நேரத்தில் முட்டி பானைபோல் வீங்கிவிடும்.

முழங்காலின் இந்த முக்கியத்துவத்தை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். சுஸ்ருத சம்ஹிதை முழங்காலை ஜானு என்னும் மர்மமாக எண்ணி, அதில் அடிபட்டால் கால் விந்தும் என்று உரைக்கிறது. அறுந்த தசைநாருக்கு மாற்று அமைக்கும் முறையோ மிகப் பிற்காலத்தது. 1917ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹே கிரோவ்ஸ் என்னும் அறுவை மருத்துவர் அதனைச் செய்து எழுதி வைத்தார். அன்று மூட்டைத் திறந்து செய்த வேலையை இன்று சிறு துளைகள் வழியே, கேமரா பொருத்திய குழல் கொண்டு செய்கிறார்கள்.

எப்படிச் செய்கிறார்கள் என்பதை அறிந்தால்தான் பின்னால் ஏன் இத்தனை மாதம் என்பது விளங்கும். இந்தத் தசைநார் முழுவதும் அறுந்தால் பெரும்பாலும் தானாகக் கூடுவதில்லை. ஆகவே நோயாளியின் உடலிலிருந்தே ஒரு துண்டை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். தொடையின் பின்புறத்துத் தசைநாண்களை எடுப்பது பரவலான முறை. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாணிலிருந்து எடுப்பதும் உண்டு. இரு எலும்புகளிலும் துளையிட்டு, எடுத்த நாணை அதன் வழியே செலுத்தி, இரு முனைகளிலும் இறுக்குகிறார்கள். மறு நாளே ஊன்றுகோலுடன் நிற்க வைத்துவிடுவார்கள். வீட்டார் வியந்துபோவார்கள்.

இனிமேல்தான் செய்தியே இருக்கிறது. உள்ளே வைத்த நாண் தொடக்கத்தில் இரத்த ஓட்டம் இல்லாத ஒரு கயிறு. உடல் அதற்குள் மெல்ல மெல்ல இரத்தக் குழாய்களை வளரவிட்டு, பழைய இழைகளைக் கரைத்துப் புதிய இழைகளை நெய்துகொள்கிறது. இந்த மாற்றம் நடக்கும் காலத்தில் அது வைத்த நாளில் இருந்ததைக் காட்டிலும் வலிமை குன்றியிருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறாவது வாரம் முதல் மூன்றாம் மாதம் வரை அந்த வலிமை மிகத் தாழ்ந்திருப்பதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். முழுமையாக முதிர ஓராண்டும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். செங்கல்பட்டு ஏரிப்பாசன ஊர்களில் நாற்று நடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பிடுங்கி நட்ட நாற்று முதலில் வெளுத்துத் துவளும். பிறகே பச்சை பிடிக்கும். வெளுத்திருக்கும் நாளில் வயலில் இறங்கி மிதிக்க மாட்டோம் அல்லவா?

வயலில் பயிர் வெளுத்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. முழங்காலில் தெரிவதில்லை. நாண் நலிந்திருக்கும் அதே நாட்களில்தான் வலி நீங்குகிறது, வீக்கம் வடிகிறது, தையல் தழும்பு ஆறுகிறது. பிள்ளை சிரித்த முகத்தோடு நடமாடுகிறான். இந்த மூன்றாம் மாதத்தைத்தான் நான் பயப்பட வேண்டிய மாதம் என்பேன்.

எங்கள் தெரு இளைஞரின் கதை இதுதான். அவர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். தலைமுறை தலைமுறையாக மாவட்டத்துப் பெருமாள் கோயில் ஒன்றில் ஸ்ரீபாதம் தாங்கும் கைங்கரியம் செய்துவரும் குடும்பம். அவர் தந்தை முப்பது ஆண்டுகளாகத் தண்டுக்குத் தோள் கொடுப்பவர். மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றில் பள்ளி மைதானத்தில் கிரிக்கெட் விளையாடும்போது, பந்தைப் பிடிக்க ஓடித் திரும்பியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தை மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. சித்திரை பிரம்மோற்சவத்துக்குக் கொடியேறியபோது சரியாக மூன்று மாதம் ஆகியிருந்தது.

வலி இல்லை. படி ஏறுகிறார். வண்டி ஓட்டுகிறார். "எட்டாம் நாள் குதிரை வாகனத்துக்கு மட்டும் தோள் கொடுக்கிறேன்" என்றார். குதிரை வாகனம் என்றால் வையாளி உண்டு என்பது அன்பர்களுக்குத் தெரியும். பெருமாளைச் சுமந்துகொண்டு முன்னே ஓடி, சட்டென நின்று, பின்வாங்கி, இப்படியும் அப்படியும் வளைந்து திரும்ப வேண்டும். அந்த 3 செ.மீ. தசைநார் எதற்காக இருக்கிறதோ அந்த அசைவுகளை எல்லாம், பல ஆட்களின் நடுவே, தோளில் பெருஞ்சுமையோடு செய்ய வேண்டும். கால் நழுவினால் அவர் ஒருவர் மட்டும் விழமாட்டார். வீட்டுப் பெரியவர்களோ, "பெருமாள் கைங்கரியம், அவன் பார்த்துக்கொள்வான்" என்ற நிலையில் இருந்தார்கள். அந்தப் பக்தியைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் பெருமாள் பார்த்துக்கொள்வதற்கு இயன்முறை மருத்துவரையும் அனுப்பியிருந்தார் என்று கொள்வதில் தவறில்லை.

அந்தப் பெண்மணி வாதம் ஏதும் செய்யவில்லை. தையற்காரரின் அளவு நாடா ஒன்றை எடுத்து, இரு தொடைகளையும் முட்டிக்கு மேல் ஒரே உயரத்தில் அளந்தார். சிகிச்சை செய்த காலின் தொடை 3 செ.மீ. மெலிந்திருந்தது. பிறகு ஒரு சிறு பலகையின் மேல் ஏறச் சொல்லி, மெதுவாக ஒற்றைக் காலால் இறங்கச் சொன்னார். நல்ல காலில் பிசகில்லாமல் இறங்கியவருக்கு மற்றக் காலில் முட்டி உள்பக்கம் சாய்ந்து நடுங்கிற்று. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த தந்தை அதைப் பார்த்தார். தண்டின் கீழ் எந்த ஆள் எந்த இடத்தில் நிற்கலாம் என்று கண்ணாலேயே நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவர் அவர். "இந்த வருஷம் நீ சாமரம் வீசு" என்று ஒரே வார்த்தை சொன்னார். பையன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் சாமரம் வீசினார். அடுத்த ஆண்டுதான் தோள் கொடுத்தார். அதுவும் முதலில் தோளுக்கினியானுக்கு, பிறகு வாகனத்துக்கு.

தொடை ஏன் மெலிகிறது? மூட்டில் காயமும் வீக்கமும் இருக்கும்போது, தொடையின் முன்புறத் தசைக்கு வேலை செய்யும்படி வரும் கட்டளையை உடலே தடுத்து வைத்துவிடுகிறது. சில வாரங்களில் தசை வற்றிப்போகிறது. தானாக அது திரும்பி வராது. படுக்கையில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்துவதில் தொடங்கி, நீட்டிய காலை உயர்த்துதல், சுவரில் சாய்ந்து இறங்குதல், சைக்கிள், படி, ஓட்டம் என்று மாதக்கணக்கில் படிப்படியாக ஏற்ற வேண்டும். அறுவை மருத்துவர் ஒரு மணி நேரத்தில் அல்லது இரண்டு மணி நேரத்தில் தம் பணியை முடித்துவிடுகிறார். மிச்சமுள்ள வேலை வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. அங்கே பொழுதெல்லாம் உடன் இருப்பவர்கள் தாத்தா பாட்டிகளாகிய நாம்தான்.

நம் அன்பு சில வேளைகளில் இடையூறாகவும் ஆகிவிடும். வலிக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைப்போம். கால் சற்று மடங்கி இருப்பது சுகமாகத் தோன்றும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் மூட்டு முழுவதும் நிமிராமல் போய்விடும். மடக்க முடியாத குறையைக் காட்டிலும் நிமிர்த்த முடியாத குறை பொல்லாதது. வாழ்நாள் முழுவதும் விந்தி நடக்கச் செய்யும். தலையணை வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டி தானே தாழ்ந்து நேராகும்படி விட வேண்டும். "பாவம், இன்று பயிற்சி வேண்டாம், ஓய்வெடு" என்று சொல்வதும் அப்படித்தான். பத்தியம் என்ற பெயரில் பருப்பையும் தயிரையும் நிறுத்திவிட்டு ரசம் சாதம் மட்டும் கொடுக்கும் வீடுகளும் உண்டு. வற்றிய தசை வளரப் புரதம் வேண்டும். பருப்பு, பால், தயிர், பயறு எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். கோயில் சுண்டலை இந்த விஷயத்தில் மிஞ்ச ஆளில்லை! பயிற்சி செய்யச் சொல்லுங்கள் என்றேன் அல்லவா, அதற்காகக் கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சிவந்து வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ பொறுத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாம் மாதத்தில் பொறுமை இழக்கும் பேரப்பிள்ளைக்குச் சொல்ல அவர்கள் உலகத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30 அன்று அதிகாலையில், ரூர்க்கியில் உள்ள வீட்டுக்குக் காரில் செல்லும் வழியில் பெரும் விபத்துக்கு உள்ளானார். வலது முழங்காலில் தசைநார் கிழிந்திருப்பதாகக் கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. 2023 ஜனவரியில் மும்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த ஆண்டின் ஐ.பி.எல். போய்விட்டது, உலகக் கோப்பையும் போய்விட்டது. அவர் மீண்டும் போட்டியில் இறங்கியது 2024 மார்ச் 23 அன்று; விபத்து நடந்து ஏறக்குறைய 15 மாதங்கள். அவர் விக்கெட் கீப்பர் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழ வேண்டும். ஒரு நாளில் 90 ஓவர் என்றால் 540 முறை. 2024 செப்டம்பரில் நம் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக நடந்த டெஸ்டில், விபத்துக்குப் பின் அவர் ஆடிய முதல் டெஸ்டிலேயே, 109 ஓட்டங்கள் எடுத்தார். பணத்துக்கோ மருத்துவருக்கோ குறைவில்லாத ஒருவருக்கே இத்தனை மாதம் ஆயிற்று. அவருடைய காயம் கடுமையானது என்பதும் உண்மை. ஆனால் எளிய காயத்துக்கும் 9 மாதத்துக்கு முன் ஆட்டக்களம் கூடாது என்றே இப்போது சொல்கிறார்கள். 2016இல் வெளிவந்த நார்வே, அமெரிக்க ஆய்வு ஒன்று, ஒன்பதாம் மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைவதைக் கண்டது. வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முறிக்க வருபவர்களிடம் வங்கியில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். இப்படி ஒரு வட்டி விகிதம் என் கையில் இருந்ததில்லை.

கால் எவ்வளவு தேறியது என்பதை அளக்க மருத்துவர்களிடம் மதிப்பெண் பட்டியல்கள் உண்டு. சுவீடனைச் சேர்ந்த லிஷோம் என்பவரின் பெயரால் வழங்கும் பட்டியல் 1982இல் வெளிவந்து, 1985இல் திருத்தப்பட்டது. மொத்தம் 100 மதிப்பெண். கணக்கு பார்த்த கண்ணுக்கு அது சுவையாக இருந்தது. வலி இல்லாமைக்கு 25, முட்டி நழுவாமைக்கு 25, மூட்டு இறுகிச் சிக்கிக்கொள்ளாமைக்கு 15, வீக்கமின்மைக்கு 10, படி ஏறுவதற்கு 10; விந்தாமல் நடப்பது, ஊன்றுகோல் இல்லாமை, குந்துதல் ஆகிய மூன்றுக்கும் ஐந்தைந்து. குந்துவதற்கு நூற்றில் 5! நாற்காலியிலும் மேசையிலும் வாழும் நாட்டுக்கு அது போதும். சம்மணமிட்டு அமர்வதற்கோ, மண்டியிட்டு எழுவதற்கோ அதில் இடமே இல்லை.

ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு 95 மதிப்பெண் என்று அறிக்கை வந்தாலும், நம்மிடம் கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன. கோயிலின் உயர்ந்த நிலைப்படியை மிதிக்காமல் தாண்டும்போது ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்க வேண்டுமே, நிற்க முடிகிறதா? அன்னதானப் பந்தியில் தரையில் அமர்ந்து, கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? கொடிமரத்தின் முன் விழுந்து வணங்கி எழ முடிகிறதா? தரிசன வரிசையில் ஒரு மணி நேரம் நின்றபின் முட்டி வீங்குகிறதா? இவற்றை மருத்துவர் தாமாகக் கேட்காமல் இருக்கலாம். நாம் சொல்ல வேண்டும். அதுவும் அறுவை சிகிச்சைக்கு முன்பே சொல்ல வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து நாண் எடுத்தவர்களுக்குப் பின்னாளில் மண்டியிடும்போது வலி தோன்றுவது சற்று மிகுதி. மண்டியிட்டு வணங்கும் பெண்களும், நின்றும் மண்டியிட்டும் வேலை செய்யும் அர்ச்சகர்களும், மாமல்லபுரத்தில் நாளெல்லாம் தரையில் அமர்ந்து கல் செதுக்கும் சிற்பிகளும் தங்கள் வாழ்க்கை இன்னதென்று முன்கூட்டியே சொன்னால், எங்கிருந்து நாண் எடுப்பது என்பதை மருத்துவர் அதற்கேற்ப யோசிப்பார். மெனிஸ்கஸையும் சேர்த்துத் தைத்திருந்தால் ஆழமாக மடக்குவதற்குப் பல மாதத் தடை இருக்கும். அந்த மாதங்களில் நின்றபடி கைகூப்பினால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். கடற்கரைச் சாலையில் திருவிடந்தையில் வராகப் பெருமான் தாயாரைத் தொடையில் ஏந்தி, ஒரு திருவடியை உயர்த்தி ஊன்றி நின்றபடியேதான் நமக்குக் காட்சி தருகிறார்.

ஒற்றைக் காலில் நிற்பது என்றதும் மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் நினைவுக்கு வருகிறது. அர்ச்சுனன் தபசு என்பார் சிலர், பகீரதன் தவம் என்பார் சிலர். விலா எலும்பு தெரிய மெலிந்த ஒரு தவசி, கைகளை உயர்த்தி, ஒரு காலை மடித்து, ஒரே காலில் நிற்கிறார். இன்று இயன்முறைக் கூடங்களில் பேரப்பிள்ளைகளைச் செய்யச் சொல்லும் முதற் சோதனைகளுள் அதுவும் ஒன்று. முழங்காலுக்குத் தசைநார் வெறும் கயிறாக மட்டும் இருப்பதில்லை. கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தியை மூளைக்கு அனுப்பும் நரம்பு முனைகளும் அதில் உண்டு. அறுந்தபோது அந்தச் செய்தியும் அறுகிறது. ஒற்றைக் காலில் நிற்கப் பழகிப் பழகித்தான் மற்ற நரம்புகளும் தசைகளும் அந்த வேலையை ஏற்றுக்கொள்கின்றன. அந்தச் சிற்பத்தில் தவசியைப் பார்த்துத் தானும் தவம் செய்யும் பூனையையும் பேரனுக்குக் காட்டுங்கள். பயிற்சி செய்ததாகப் பாவனை செய்பவர்களை அது நன்றாக அடையாளம் காட்டும்!

பணத்தைப் பற்றி ஒரு சொல். அறுவை சிகிச்சைக்கு நகையை அடகு வைத்தாவது செலவழிக்கும் குடும்பங்கள், இயன்முறை சிகிச்சைக்கு வரும்போது கையை இறுக்கிவிடுகின்றன. மருத்துவக் காப்பீடுகள் பலவற்றில், வீடு திரும்பியபின் ஆகும் செலவு 60 அல்லது 90 நாட்கள் வரைதான் கிடைக்கும். நாம் மேலே பார்த்த கணக்கின்படி, காப்பீடு நிற்கும் அந்த நாளில்தான் நாண் நலிந்திருக்கிறது. மருத்துவமனையில் சேரும் முன்பே, பின்வரும் மாதங்களுக்கு ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். தினமும் செல்ல இயலாதவர்கள் வாரம் ஒரு முறை சென்று, அடுத்த வாரத்துப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்தாலும் போதும் என்று பல இயன்முறை மருத்துவர்களே சொல்கிறார்கள்.

கிழிந்தவர்கள் எல்லோரும் கத்திக்குப் போக வேண்டும் என்பதும் இல்லை. சுவீடனில் 18 முதல் 35 வயது வரையுள்ள 121 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே அறுவை சிகிச்சையும் பயிற்சியும், மறு பிரிவுக்கு முதலில் பயிற்சியும் தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவை சிகிச்சையும் என்று வைத்துப் பார்த்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இரு பிரிவினரின் நிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இரண்டாம் பிரிவில் 59 பேரில் 23 பேர் பின்னர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். ஏனையோருக்கு அது தேவைப்படவில்லை. விளையாட்டு வீரருக்கும் வாகனம் சுமப்பவருக்கும் நிலைமை வேறு. 60 வயதில் பேருந்துப் படியில் தடுக்கித் தசைநார் கிழிந்தவர், நேராக நடந்து கோயிலுக்குப் போய்வருபவர், தொடைத் தசையை வலுப்படுத்தியே காலத்தை ஓட்டிவிடலாம். நடக்கும்போது முட்டி அடிக்கடி நழுவினால் மட்டும் அலட்சியம் கூடாது. ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸை அரைக்கும். பின்னாளில் பாட்டிக்கு வந்த தேய்மானம் பேரனுக்கு இளமையிலேயே வருவதற்கு அது வழி வகுக்கும்.

இனி, அம்மையார் கேட்ட மலை. திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீசுவரரைத் தரிசிக்க 500க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும். முட்டிக்குச் சோதனை இறங்கும்போதுதான். உடலின் பாரத்தைத் தொடைத் தசை பிடித்துப் பிடித்து விட வேண்டும். பேரனுக்கு மருத்துவர் படி இறங்க அனுமதி கொடுத்தபின், தொடை அளவு இரண்டும் ஒத்து வந்தபின் செல்லலாம். அவசரத்துக்கு இடமில்லை, மலை அங்கேயேதான் இருக்கும். பாட்டியும் இன்றே பேரனோடு உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துண்டை வைத்து அழுத்தும் பயிற்சியைத் தொடங்கலாம். தேய்ந்த முட்டிக்கும் தொடைத் தசைதான் துணை. ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது நோவுள்ள காலை முதலில் வையுங்கள். வலது காலை எடுத்து வைத்து உள்ளே செல்லும் வழக்கத்தைச் சன்னிதி வாசலோடு நிறுத்திக்கொள்ளலாம். படிகளில் முட்டி சொல்வதைக் கேளுங்கள். கைப்பிடி இருக்கும் பக்கமாக நடங்கள். இறங்கும் வழியில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபம் இருக்கிறது. அங்கே கால் நீட்டி உட்கார்ந்து இளைப்பாறலாம்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரக் கடற்கரைக்குச் செல்பவர்கள் உலர்ந்த மணலில் வெகுதூரம் நடக்காதீர்கள். கால் புதைந்து முட்டி திருகிக்கொள்ளும். ஈரம் படிந்து இறுகிய மணலில் நடங்கள். அலை திரும்பும்போது காலடி மணலை அரித்துச் செல்லும். அந்த நேரத்தில் யாருடைய கையையாவது பிடித்திருங்கள். சித்திரை, வைகாசியில் நண்பகலுக்கு முன்பே பிராகாரம் சுற்றிவிடுங்கள். கல் சுடுகிறதென்று துள்ளி ஓடித்தான் பலர் முட்டியைத் திருகிக்கொள்கிறார்கள். தேங்காய் நார் விரிப்பு போட்டிருக்கும் கோயில்களில் அதன் ஓரம் மடங்கியிருக்கிறதா என்றும் பார்த்து நடங்கள்.